கலீஃபாக்களின் பேரரசு எப்படி எழுந்தது, எப்படி நிலைத்தது?

வியன்னாவில் உள்ள ஆஸ்திரியத் தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் தாள் (நாணல் வகைச் செடியிலிருந்து செய்த தாள்) இருக்கிறது. எகிப்தில் கி.பி. 643 ஏப்ரலில் எழுதப்பட்டது. விஷயம் மிகச் சாதாரணமானது: அரபுப் படைத் தளபதி ஒருவர் உள்ளூர் அதிகாரிகளிடமிருந்து 65 ஆடுகள் வாங்கிக்கொண்டதற்கான ரசீது. 50 ஆடுகள் ஒரு கணக்கு, 15 ஆடுகள் இன்னொரு கணக்கு. கப்பல்காரர்கள், குதிரை வீரர்கள், கவசம் அணிந்த காலாட்கள் ஆகியோரின் சாப்பாட்டுக்கு என்று காரணமும் எழுதியிருக்கிறது. மேலே கிரேக்கம், அதன் கீழே அரபு. கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான் என்ற கிறிஸ்தவ எழுத்தர். அரபுப் பகுதியில் 'ஆண்டு 22' என்று இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியின் தேதி. தாளின் பின்பக்கத்தில் இன்னொரு வரி: இந்த ஆடுகள் வரிக்கு முன்பணமாகக் கழித்துக்கொள்ளப்படும்.

இந்தக் காலத்தைப் பற்றிப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இந்தத் தாளிலிருந்து ஆரம்பிப்பது நல்லது என்பது என் எண்ணம். முஹம்மது நபி மறைந்து 11 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அரபுகள் சிரியாவையும் ஈராக்கையும் எகிப்தையும் பிடித்துவிட்டார்கள். ஜெயித்த படை ஊருக்குள் வந்தால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடும். யாரும் கேட்க முடியாது. ஆனால் இங்கே ரசீது கொடுக்கிறார்கள், வரியில் கழிக்கிறார்கள், பழைய ஆட்சியின் எழுத்தரே கணக்கை எழுதுகிறார். பாலைவனத்திலிருந்து புறப்பட்ட படைகள் பெரிய ராஜ்ஜியங்களை வென்றது வரலாற்றில் பல தடவை நடந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு தலைமுறையில் கரைந்துபோயின. இது கரையவில்லை. ஏன் என்று புரிய, போர்க்களங்களோடு கணக்குப் புத்தகங்களையும் பார்த்தாக வேண்டும்.

கலீஃபா என்பவர் யார்?

நபியின் மறைவுக்குப் பிறகு முஸ்லிம் சமூகத்துக்குத் தலைமை தாங்கியவர் கலீஃபா. அவர் நபி அல்ல. அவருக்கு இறைச்செய்தி வராது. தொழுகைக்குத் தலைமை, படைக்குத் தலைமை, வழக்குகளில் இறுதித் தீர்ப்பு, பொதுக் கருவூலத்தின் பொறுப்பு எல்லாம் அவருடையவை. அவருடைய ஆட்சிக்குக் கிலாஃபத் என்று பெயர்.

முதல் நால்வர் அபூபக்ர், உமர், உஸ்மான், அலி. 632 முதல் 661 வரையிலான இவர்களின் காலத்தை சுன்னி முஸ்லிம்கள் நேர்வழி பெற்ற கலீஃபாக்களின் காலம் என்பார்கள். அதன் பிறகு உமய்யா குடும்பம் டமாஸ்கஸிலிருந்து 750 வரை ஆண்டது. அவர்களை வீழ்த்தி அப்பாஸியர் வந்தார்கள். இந்தக் கட்டுரை அப்பாஸியர் வருகையோடு நிற்கும்.

632-ல் நபி மதீனாவில் மறைந்தபோது, அடுத்த தலைவர் யார் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. நபிக்கு அடைக்கலம் கொடுத்த மதீனாவாசிகளான அன்சாரிகள், தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஒரு கூடத்தில் கூடினார்கள். செய்தி கேட்டு அபூபக்ரும் உமரும் அபூ உபைதாவும் அங்கே விரைந்தார்கள். வாக்குவாதம் நீண்டது. நபியின் குலமான குறைஷிக் குலத்தைச் சேர்ந்த ஒருவரைத்தான் எல்லா அரபுக் குலங்களும் ஏற்கும் என்பது இவர்களின் வாதம். கடைசியில் அபூபக்ரின் கையைப் பிடித்து உமர் பைஅத் (தலைமையை ஏற்கும் உறுதிமொழி) செய்தார், மற்றவர்களும் செய்தார்கள். நபியின் மருமகனும் பெரிய தந்தையின் மகனுமான அலி அந்தக் கூட்டத்தில் இல்லை. நபியின் உடலை அடக்கம் செய்யும் ஏற்பாட்டில் இருந்தார். தலைமை அலிக்கே உரியது என்று கருதியவர்களின் வழியில்தான் பிற்பாடு ஷியா மரபு வளர்ந்தது.

அபூபக்ரின் இரண்டே ஆண்டு ஆட்சியில் நடந்த முக்கியமான வேலை அரேபியாவை ஒன்றாக வைத்திருந்தது. நபி மறைந்ததும் பல குலங்கள் மதீனாவுக்கு ஜகாத் என்ற கட்டாய தர்மத்தை அனுப்புவதை நிறுத்திவிட்டன. "நபியோடு செய்த ஒப்பந்தம் நபியோடு முடிந்தது" என்பது அவர்களின் நிலை. நடு அரேபியாவின் யமாமாவில் முசைலிமா தானும் ஒரு நபி என்று சொல்லிக்கொண்டு பெரும் படை திரட்டியிருந்தார். அபூபக்ர் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. காலித் பின் வலீத் தலைமையில் படைகள் போயின. யமாமாவில் நடந்த போரில் இரு பக்கமும் பலத்த உயிரிழப்பு. 633 முடிவதற்குள் தீபகற்பம் பெரும்பாலும் மதீனாவின் கீழ் வந்துவிட்டது. முதன்முதலாக அரபுக் குலங்கள் அனைத்தும் ஒரே தலைமையின் கீழ், போர் அனுபவத்தோடு, ஒருவர் மீது ஒருவர் படையெடுக்க முடியாத நிலையில் நின்றன. அந்த ஆற்றல் வடக்கே திரும்பியது.

இரண்டு பேரரசுகள் களைத்திருந்த நேரம்

வடக்கே இரண்டு வல்லரசுகள் இருந்தன. மேற்கே கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியம், அதாவது கீழை ரோமப் பேரரசு. கிழக்கே பாரசீகத்தின் சாசானியப் பேரரசு. 602 முதல் 628 வரை, 26 ஆண்டுகள், இரண்டும் ஒன்றையொன்று அடித்து நொறுக்கிக்கொண்டன. 614-ல் பாரசீகர்கள் ஜெருசலேமைப் பிடித்தார்கள். பிறகு எகிப்தும் போனது. ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் திருப்பித் தாக்கிப் பாரசீகத்தின் உள்நாடு வரை போனார். 628-ல் பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரூ தம் மகனின் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். அந்த மகனும் சில மாதங்களில் இறந்தார். அடுத்த நான்கு ஆண்டுகளில் அரியணையில் ஏறியவர்கள், இறங்கியவர்கள் பலர். இரண்டு அரசிகளும் அவர்களில் அடக்கம். 632-ல் முடிசூட்டப்பட்ட மூன்றாம் யஸ்தகிர்த் ஒரு சிறுவர்.

இதோடு 541 முதல் அலை அலையாக வந்த கொள்ளைநோய் ஊர்களைக் காலி செய்திருந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாலைவன எல்லையைக் காக்க இரு பேரரசுகளும் அரபுச் சிற்றரசர்களை வைத்திருந்தன. பாரசீகம் தன் பக்கத்து லக்மித் அரசை 602 வாக்கிலேயே ஒழித்துவிட்டது. எல்லைக்காவலைத் தாங்களே கலைத்துவிட்டு, பாலைவனத்திலிருந்து பெரிய படை எதுவும் வராது என்று நம்பியிருந்தார்கள்.

எகிப்திலும் சிரியாவிலும் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கடும் பிளவு. இயேசுவின் தன்மை பற்றிய கோட்பாட்டில் கான்ஸ்டான்டினோபிளோடு ஒத்துப்போகாத காப்டிக், சிரிய திருச்சபையினரைப் பேரரசு துன்புறுத்தியது. காப்டிக் திருச்சபையின் தலைவர் பெஞ்சமின் பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்தார். அரபுகள் எகிப்தைப் பிடித்த பிறகுதான் வெளியே வந்தார். இதை வைத்து 'மக்கள் அரபுகளை மாலை போட்டு வரவேற்றார்கள்' என்று சிலர் எழுதுவார்கள். அது மிகை. எதிர்த்துப் போரிட்ட ஊர்களும் உண்டு, சூறையாடப்பட்ட ஊர்களும் உண்டு. ஆனால் கான்ஸ்டான்டினோபிளுக்காக உயிரைக் கொடுக்கும் அளவுக்குப் பற்று பல இடங்களில் மிச்சமில்லை என்பது உண்மை.

போர்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 634-ல் காலித் ஈராக்கிலிருந்து நீரில்லாத பாலைவனத்தைக் குறுக்கே கடந்து சிரியா போனார். ஒட்டகங்களை வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, வழியில் அவற்றை அறுத்துக் குதிரைகளுக்கு நீர் எடுத்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டு அபூபக்ர் காலமாகி உமர் கலீஃபாவானார். 636 ஆகஸ்டில், இன்றைய சிரியா - ஜோர்டான் எல்லையில் ஓடும் யர்மூக் ஆற்றங்கரையில், ரோமர்களின் பெரும்படை நொறுங்கியது. அதையொட்டி காதிசிய்யாவில் பாரசீகப் படை தோற்றது. தலைநகர் தெஸிஃபோன் வீழ்ந்தது. 638 வாக்கில் ஜெருசலேம் உடன்படிக்கையின் பேரில் சரணடைந்தது. 639-ல் அம்ர் பின் ஆஸ் எகிப்துக்குள் நுழைந்தார். 642-க்குள் அலெக்ஸாந்திரியா கைக்கு வந்தது. அதே 642-ல் நஹாவந்தில் பாரசீகத்தின் கடைசிப் பெரும்படை சிதறியது. ஊர் ஊராக ஓடிய யஸ்தகிர்த், 651-ல் மெர்வ் நகருக்கு அருகே கொல்லப்பட்டார். நானூறு ஆண்டு சாசானிய வம்சம் அத்தோடு முடிந்தது.

உமர் வைத்த அஸ்திவாரம்

ஈராக்கில் ஆற்றுப்பாசனம் பெற்ற வளமான நிலம் ஏராளமாகக் கைக்கு வந்தது. அரபு வழக்கப்படி போரில் கிடைத்ததை வீரர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். ஐந்தில் ஒரு பங்கு தலைமைக்குப் போகும். நிலத்தையும் அப்படியே பங்கு போடுங்கள் என்று வீரர்கள் கேட்டார்கள். நபித்தோழர்களில் சிலரும் அதை ஆதரித்தார்கள். உமர் மறுத்துவிட்டார். இப்போதே பிரித்துக் கொடுத்துவிட்டால் பின்னால் வரும் தலைமுறைகளுக்கு என்ன இருக்கும், எல்லைகளைக் காக்கும் படைக்கு எங்கிருந்து சம்பளம் கொடுப்பது என்பது அவர் கேள்வி. நிலம் பழைய உழவர்களிடமே இருக்கட்டும், அவர்கள் வரி கட்டட்டும், அந்த வரி எல்லா முஸ்லிம்களுக்கும் பொதுவாக வரட்டும் என்று முடிவு செய்தார். இந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் படைவீரர்கள் ஆளுக்கொரு பண்ணையில் சிதறிப்போய், பத்தே ஆண்டுகளில் படையே இல்லாமல் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வந்த வரியைப் பங்கிட ஒரு பதிவேடு வேண்டும். அதுதான் திவான். யார் யாருக்கு எவ்வளவு என்று பெயர் பெயராக எழுதினார்கள். முன்னுரிமை குலத்தின் பெருமையைப் பார்த்து வரவில்லை. எவ்வளவு சீக்கிரம் இஸ்லாத்துக்கு வந்தார்கள், எந்தப் போர்களில் நின்றார்கள் என்பதைப் பார்த்து வந்தது. நபியின் மனைவியருக்கு மிக உயர்ந்த தொகை. முஸ்லிம்களின் முதல் பெரிய போரான பத்ரில் கலந்துகொண்டவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் (வெள்ளிக் காசு) என்று பழைய நூல்கள் சொல்கின்றன. கடைசியாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சில நூறு. மக்காவின் பெரிய மனிதர்கள் பலர், தாமதமாக முஸ்லிம் ஆனவர்கள் என்பதால், ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர்களைவிடக் கீழே நின்றார்கள். குலப் பெருமையே எல்லாமாக இருந்த அரபு சமூகத்தில் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

சம்பளம் வாங்கும் படை எங்கே தங்கும்? ஏற்கெனவே இருந்த பெருநகரங்களில் கலந்துவிடாமல், அவர்களுக்கென்று புதிய பாசறை நகரங்கள் எழுந்தன. ஈராக்கில் பஸ்ராவும் கூஃபாவும், எகிப்தில் ஃபுஸ்தாத். பிறகு 670-ல் இன்றைய துனிசியாவில் கைரவான். கூஃபா முதலில் நாணல் குடிசைகளாக இருந்தது. தீப்பிடித்து எரிந்த பிறகுதான் செங்கல் வீடுகள் வந்தன. குலத்துக்கு ஒரு பகுதி, நடுவில் பள்ளிவாசல், அதை ஒட்டி ஆளுநர் மாளிகை. ஃபுஸ்தாத்தின் பக்கத்தில்தான் பின்னாளில் கெய்ரோ வளர்ந்தது. படை ஒரே இடத்தில் இருந்ததால் கூப்பிட்ட உடனே திரட்ட முடிந்தது. சுற்றியிருந்த கிராமங்களில் வாழ்க்கை பெரும்பாலும் பழையபடி ஓடியது.

கிராமங்களில் வரி வசூலித்தவர்கள் யார்? முன்பு வசூலித்த அதே ஆட்கள். எகிப்தில் கிரேக்கத்திலும் காப்டிக்கிலும், ஈராக்கில் பாரசீகத்திலும் கணக்குகள் தொடர்ந்தன. ஆட்டு ரசீதில் யோவான் இருப்பது அதனால்தான். டமாஸ்கஸில் இது இன்னும் மேலே போனது: கலீஃபா முஆவியாவின் நிதி நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் சர்ஜூன் என்ற கிறிஸ்தவர். அவருடைய மகன் பிற்காலத்தில் கிறிஸ்தவ இறையியலில் பெரும்பெயர் பெற்ற டமாஸ்கஸ் யோவான்.

எல்லோரும் கேட்கும் கேள்விக்கு இங்கே வரலாம். மக்களை வாள் முனையில் மதம் மாற்றினார்களா? நாடுகளைப் பிடித்தது வாளால்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. மதமாற்றம் வேறு கதை. கிறிஸ்தவர்கள், யூதர்கள், பாரசீகத்தின் ஸொராஸ்திரியர்கள் ஆகியோர் ஜிஸ்யா என்ற தலைவரியைக் கட்டிவிட்டுத் தங்கள் வழிபாட்டையும் குடும்பச் சட்டங்களையும் வைத்துக்கொள்ளலாம். இது இன்றைய பொருளில் சம உரிமை அல்ல. ஆளும் சமூகத்துக்குக் கீழே, பாதுகாப்புப் பெற்ற இரண்டாம் இடம். ஆனால் மதம் மாறும்படி பெருவாரியான கட்டாயம் இருக்கவில்லை. வரி குறையும் என்பதால் சில ஆளுநர்கள் மதமாற்றத்தை விரும்பவே இல்லை. எகிப்திலும் ஈரானிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆனது, பிடித்த தலைமுறையில் அல்ல, அதற்கு நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

பங்கீட்டில் விழுந்த விரிசல்

உமர் 644-ல் மதீனாவில் ஓர் அடிமையின் கத்திக்கு இரையானார். ஆறு பேர் கொண்ட குழு கூடி உஸ்மானைத் தேர்ந்தெடுத்தது. குர்ஆனின் ஒரே சீரான பிரதியைத் தயாரித்து முக்கிய நகரங்களுக்கு அனுப்பியது இவர் செய்த நிலையான பணி. ஆனால் நிர்வாகத்தில் தம் உமய்யா உறவினர்களுக்கு முக்கியப் பதவிகளைக் கொடுத்தார் என்ற குமுறல் எழுந்தது. குமுறல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: கூஃபா, பஸ்ரா, ஃபுஸ்தாத். அதே பாசறை நகரங்கள். நாங்கள் ரத்தம் சிந்திப் பிடித்த நிலத்தின் வருமானம் யாருக்குப் போகிறது என்பதுதான் அடிநாதம். 656-ல் அங்கிருந்து வந்த கிளர்ச்சியாளர்கள் உஸ்மானை அவர் வீட்டிலேயே கொன்றார்கள்.

அலி கலீஃபாவானார். உஸ்மானின் கொலைகாரர்களைத் தண்டிக்க வேண்டும் என்ற கோரிக்கை அவரைச் சுற்றி வளைத்தது. முதலில் பஸ்ரா அருகே ஒட்டகப் போர். எதிரே நின்றவர்கள் நபியின் மனைவி ஆயிஷாவும் மூத்த தோழர்களான தல்ஹாவும் ஸுபைரும். பிறகு 657-ல் ஸிஃப்பீனில், சிரியாவின் ஆளுநரும் உஸ்மானின் உறவினருமான முஆவியாவோடு போர். அது மத்தியஸ்தத்தில் போய் நின்றது. மனிதர்களின் மத்தியஸ்தத்தை ஏற்றதே தவறு என்று அலியின் படையிலிருந்தே ஒரு பிரிவு வெளியேறியது, அவர்கள்தான் காரிஜிய்யாக்கள். 661-ல் கூஃபாவில் அவர்களில் ஒருவன் அலியை வெட்டினான். முதல் ஃபித்னா என்று அழைக்கப்படும் இந்த ஐந்தாண்டு உள்நாட்டுப் போரின் காயம் இன்று வரை முஸ்லிம் மனத்தில் இருக்கிறது.

முஆவியா திறமையான ஆட்சியாளர். இருபது ஆண்டு சிரியாவை ஆண்ட அனுபவம். முஸ்லிம்களின் முதல் கடற்படையைக் கட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு. ஆனால் தமக்குப் பின் மகன் யஸீத் என்று அறிவித்தது தலைமையைக் குடும்பச் சொத்தாக மாற்றியது. 680 அக்டோபரில், ஹிஜ்ரி 61 முஹர்ரம் 10 அன்று, யஸீதின் ஆட்சியை ஏற்க மறுத்த நபியின் பேரர் ஹுசைனும் அவரோடு இருந்த சிறு கூட்டமும் கர்பலாவில் தண்ணீர் மறுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பல நாடுகளில் இன்றும் முஹர்ரம் மாதம் துக்கத்தோடு அனுசரிக்கப்படுவது இதற்காகத்தான். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் மறுபடியும் உள்நாட்டுப் போர்.

அதிலிருந்து பேரரசை மீட்டவர் அப்துல் மலிக். அவர் காலத்து நாணயங்களைப் பார்த்தால் அந்த மாற்றத்தை விரலால் தொட்டுப் பார்க்கலாம். அதுவரை புழங்கிய வெள்ளிக் காசில் பாரசீக மன்னரின் முகமும் பின்னால் நெருப்புப் பீடமும் இருக்கும். ஓரத்தில் மட்டும் 'பிஸ்மில்லாஹ்' என்று சிறிய எழுத்து. தங்கக் காசில் ரோமப் பேரரசரின் உருவம். சிலவற்றில் சிலுவையின் குறுக்குக் கட்டையை மட்டும் எடுத்திருப்பார்கள். பிறகு சில ஆண்டுகள் வாளோடு நிற்கும் கலீஃபாவின் உருவம் வந்தது. ஹிஜ்ரி 77-ல், அதாவது 696-97-ல், உருவமே இல்லாத தங்கக் காசான தீனார் வெளிவந்தது: இரு பக்கமும் அரபு எழுத்து மட்டும், இறைவன் ஒருவன் என்ற வாசகம். ஏறக்குறைய அதே காலத்தில் வரிக்கணக்குகளும் கிரேக்கத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் அரபுக்கு மாறின. ஜெருசலேமில் பாறைக் குவிமாடமும் இவர் கட்டியதே.

ஸ்பெயின் முதல் சிந்து வரை

711-ல் உமய்யாத் தளபதி தாரிக் பின் ஸியாத் ஸ்பெயினில் இறங்கினார். ஜிப்ரால்டருக்கு அந்தப் பெயரே அவரால் வந்தது. மத்திய ஆசியாவில் இன்னொரு தளபதி குதைபா 712-ல் சமர்கந்தைப் பிடித்தார். அதே நேரத்தில் முஹம்மது பின் காசிம் சிந்துவில்.

சிந்துப் படையெடுப்புக்குச் சொல்லப்படும் காரணத்தில் இலங்கை வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரீ எழுதியபடி, 'மாணிக்கத் தீவின்' மன்னர் ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜுக்கு ஒரு கப்பல் அனுப்பினார். அந்தத் தீவில் இறந்துபோன முஸ்லிம் வணிகர்களின் பெண்மக்கள் அதில் இருந்தார்கள். தேபல் துறைமுகம் அருகே கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்தார்கள். மீட்டுத் தரும்படி ஹஜ்ஜாஜ் கேட்க, கொள்ளையர் மேல் தமக்கு அதிகாரம் இல்லை என்று சிந்து மன்னர் தாஹிர் பதில் அனுப்பினார். படையெடுப்புக்கு இது ஒன்றே காரணமாக இருந்திருக்காது. வணிகப் பாதையும் எல்லைப் பாதுகாப்பும் கணக்கில் இருந்திருக்கும். ஆனால் அரபு வணிகர்கள் குடும்பத்தோடு இலங்கையில் வாழ்ந்தார்கள் என்பதை அந்த வரலாற்றாசிரியர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். படையே போகாத இடத்துக்கு வணிகம் முன்பே போயிருந்தது.

விரிவு அத்தோடு நிற்கத் தொடங்கியது. 717-18-ல் கான்ஸ்டான்டினோபிள் முற்றுகை, தண்ணீரிலும் எரியும் கிரேக்கத் தீயின் முன் தோற்றது. 732-ல் பிரான்சில் பின்னடைவு. 740-ல் வட ஆப்பிரிக்காவில் பெர்பர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

வெளியே நின்ற விரிவைவிட உள்ளே எழுந்த கேள்விதான் உமய்யாக்களைச் சாய்த்தது. அரபு அல்லாத முஸ்லிம்களை மவாலிகள் என்றார்கள். அவர்கள் தொழுதார்கள், படையில் சேர்ந்து போரிட்டார்கள். ஆனால் பல இடங்களில் பதிவேட்டில் முழுப் பங்கு கிடையாது, முஸ்லிம் ஆன பிறகும் பழைய வரி போகவில்லை. நகரத்துக்கு ஓடிவந்த புது முஸ்லிம் உழவர்களை ஹஜ்ஜாஜ் வலுக்கட்டாயமாகக் கிராமத்துக்கே திருப்பி அனுப்பினார். 717 முதல் 720 வரை ஆண்ட உமர் பின் அப்துல் அஸீஸ் இதைச் சரிசெய்ய முயன்றார். இறைவன் முஹம்மதை அழைப்பாளராகத்தான் அனுப்பினான், வரி வசூலிப்பவராக அல்ல என்று அவர் ஓர் ஆளுநருக்கு எழுதியதாகச் சொல்வார்கள். மூன்றாண்டுதான் இருந்தார்; அவருக்குப் பின் பழைய கதையே தொடர்ந்தது.

நபியின் சிறிய தந்தை அப்பாஸின் வழித்தோன்றல்கள், கிழக்கு ஈரானின் குராசானில் இந்த அதிருப்தியை ரகசியமாகத் திரட்டினார்கள். அபூ முஸ்லிம் என்ற மவாலி 747-ல் கறுப்புக் கொடியை உயர்த்தினார். அரபுகளும் ஈரானியரும் அதன் கீழ் சேர்ந்தார்கள். 750 ஜனவரியில் ஸாப் ஆற்றங்கரையில் உமய்யாப் படை தோற்றது. 762-ல் அப்பாஸியக் கலீஃபா மன்சூர், பழைய தெஸிஃபோனுக்கு அருகே, வட்ட வடிவில் பக்தாத் நகரைக் கட்டத் தொடங்கினார். நிர்வாகத்திலும் அறிவுத்துறையிலும் ஈரானியர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள்.

ஆனால் முஸ்லிம் உலகம் முழுவதும் ஒரே கலீஃபாவின் கீழ் இருந்த காலமும் அத்தோடு போனது. உமய்யா குடும்பத்தினர் மீது அப்பாஸியர் நடத்திய படுகொலையிலிருந்து தப்பி ஓடிய இளவரசர் அப்துர் ரஹ்மான், 756-ல் ஸ்பெயினின் கோர்டோபாவில் தனி ஆட்சி அமைத்தார். 909-ல் வட ஆப்பிரிக்காவில் ஷியா மரபின் ஃபாத்திமிக் கலீஃபாக்கள் எழுந்தார்கள். 929-ல் கோர்டோபாவின் ஆட்சியாளரும் தம்மைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்டபோது, பக்தாதையும் சேர்த்து, ஒரே நேரத்தில் மூன்று கலீஃபாக்கள் இருந்தார்கள்.